பதினாலு நாள் கேரண்டி

இனிமேல் அந்த பெஞ்சில் உட்காருவதில்லை என்று பெயின்டர் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை முடிவெடுத்தார். பல் தேய்த்துக்கொண்டே எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

“நாளைக்கு நான் வரமாட்டேன்.”

“எங்கே?” என்றாள் மனைவி.

“நகக் கடைக்கு.”

நகக் கடை என்றால் நகத்துக்கு ஜெல் பாலிஷ் போடும் கடை. மனைவி உள்ளே போனால் கணவன் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். மூன்று பேருக்கான பெஞ்ச். போன தடவை அதில் நான்கு கணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது ஆள் பெயின்டர். அவருடைய உடம்பில் பாதிக்குத்தான் பெஞ்ச் கிடைத்தது. மீதிப் பாதியைக் காலால் தாங்கிக்கொண்டு இரண்டு மணி பத்து நிமிஷம் இருந்தார். அதற்குள் பத்தொன்பது தடவை கடிகாரம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் தூங்கி இவர் தோளில் சாய்ந்தார். எழுப்பவும் மனசு வரவில்லை. அறிமுகம் இல்லாத ஆளை எப்படி எழுப்புவது?

போதாததற்கு அது சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் அவர் கீழ்மாடியில் இருக்கும் மச்சானோடு சதுரங்கம் ஆடுவார். வாரத்தில் மீதி ஆறு நாளும் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அது.

“நீங்க வராட்டி நான் மட்டும் போயிட்டு வரேன்” என்றாள் மனைவி.

“நீயும் போக வேண்டாம். நானே போட்டு விடறேன்.”

மனைவி தலை வாருவதை நிறுத்தினாள்.

“எதை?”

“உன் நகத்துக்கு ஜெல்லை. அது என்ன பெரிய வித்தை? ஒரு கார்க் கதவுல உன் நகம் எத்தனை அடங்கும் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“ஆறாயிரம். நான் கணக்குப் போட்டேன். பெஞ்சுல உக்காந்து வேற என்ன பண்றது? ஒரு கதவுக்கு ஆறாயிரம் நகம். நாலு கதவுக்கு இருபத்து நாலாயிரம். பானெட்டை நான் சேர்க்கவே இல்ல. எனக்குப் பத்து நகம் ஒரு பொருட்டா?”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மனைவி நகைக் கடையில் வேலை பார்க்கிறவள். எட்டு வருஷம் பின்கட்டில் டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் முன்னால் மோதிரக் கவுண்டருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மோதிரம் வாங்க வருகிறவர்கள் மோதிரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் காட்டுகிற விரலைத்தான் பார்க்கிறார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் கடையின் புதிய மோதிரங்களைப் போட்டோ எடுக்கப் போகிறார்கள். கை இவளுடைய கை. எட்டு வருஷம் கழித்துக் கிடைத்த இடம். அது நிலைப்பதும் நழுவுவதும் அந்தப் பத்து நகத்தில் இருந்தது.

நகக் கடையை நம்பவும் அவளுக்குப் பயம். போன தடவை அங்கே மெஷினை வைத்து நகத்தைச் சுரண்டினார்கள். மூன்று வாரம் கழித்து ஜெல்லின் ஓரம் தூக்கிக்கொண்டபோது, இவளும் டிவி பார்த்துக்கொண்டே பிய்த்துப் போட்டாள். ஜெல்லோடு நகத்தின் மேல் படலமும் வந்துவிட்டது. காகிதம் மாதிரி ஆன நகம் தேறி வர நாலு மாதம் ஆயிற்று. அதனால் இந்தத் தடவை அவளுக்கு இரண்டும் வேண்டும். மேலே பளபளப்பு பதினாலு நாள் அசையாமல் நிற்க வேண்டும். கீழே சொந்த நகம் சேதமில்லாமல் இருக்க வேண்டும்.

“நல்லதுதாங்க” என்றாள் மனைவி. “நீங்க போட்டா பத்திரமா போடுவீங்க. நான் வேலை முடிஞ்சு வரப்போ சாமான் வாங்கிட்டு வந்துடறேன்.”

இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் என்ன நடந்தது என்பதைப் பெயின்டர் அந்த நிமிஷம் யோசித்துப் பார்த்திருக்கலாம். அவருக்குச் சதுரங்கக் காய்கள்தான் கண்ணில் நின்றன.

அன்று மாலை டப்பா வந்தது. உள்ளே சோப்புப் பெட்டி அளவில் ஒரு விளக்கு, மூன்று சின்ன பாட்டில், மெல்லிய அரம், மரக்குச்சி, எண்ணெய்க் குப்பி, நாலு பக்க விளக்கத்தாள். பெயின்டர் முதல் மூன்று பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அடிக்கோட்டு, நிறக்கோட்டு, மேல்கோட்டு என்று கண்டதும் சொந்தக்காரரை ரயிலில் பார்த்தது போல முகம் மலர்ந்தது.

“இவ்வளவுதானா? பிரைமர், பெயின்ட், கிளியர். இதைத்தானே நான் முப்பத்தொரு வருஷமாப் பண்றேன்!”

நாலாம் பக்கத்துக்கு மேலே ‘பராமரிப்பு’ என்று போட்டிருந்தது. அதை அவர் படிக்கவில்லை. பட்டறை வழக்கம் அப்படி. பெயின்ட் அடிப்பது பட்டறையின் வேலை, பராமரிப்பு வண்டிக்காரர் வேலை. வண்டியைக் கொடுக்கும்போது பராமரிப்பு அட்டையைக் கிழித்துச் சாவியோடு கொடுத்துவிடுவார்கள். அவரும் மடிப்பில் நீவி, நேராகக் கிழித்து, நாலாம் பக்கத்தை மனைவியிடம் கொடுத்தார்.

“இது உன்னோடது. பத்திரமா வெச்சுக்கோ.”

“வெச்சுக்கறேன்” என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பமாயிற்று. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்தாயிற்று. ஜன்னல் திறந்தாயிற்று. பெயின்டர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பையைக் கவிழ்த்தார். நாலு விதமான உப்புத்தாள், மாஸ்கிங் டேப், முகமூடி, பூதக்கண்ணாடி, பட்டி பூசுகிற தகடு.

மனைவி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“உப்புத்தாள் எதுக்கு?”

“தேய்க்காம கோட்டு எப்படிப் பிடிக்கும்?”

“ஏங்க, இது கதவு இல்ல. விரல்.”

“நானூறாம் நம்பர்தான். ரொம்ப நைசு.”

“மெஷினே தேவலை. அந்த அரத்தால லேசா ஒரு இழுப்பு இழுங்க. மேல இருக்கற எண்ணெய்ப் பளபளப்பு போனாப் போதும். நகம் போகக் கூடாது.”

“சரி, அந்த மோதிர விரல் நகத்துல ஒரு மேடு இருக்கே? கொஞ்சம் பட்டி வெச்சுத் தேய்ச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்.”

“பட்டி வெச்சீங்கன்னா நான் பெஞ்சுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

பெயின்டர் பட்டித் தகட்டைப் பைக்குள் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த அழகைச் சொல்லத்தான் வேண்டும். நகக்கண்ணில் இருக்கும் தோலை வெட்டவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மரக்குச்சியால் பூப்போல ஒதுக்கினார். ஸ்பிரிட்டால் துடைத்தார். ஜெல் தோலில் பட்டால் அரிப்பு வரும், அதோடு அந்த இடத்திலிருந்துதான் தூக்கவும் ஆரம்பிக்கும் என்று மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்ததால், விரலுக்கு விரல் மாஸ்கிங் டேப் ஒட்டினார். டேப் ஒட்ட மட்டும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆயிற்று. பத்து விரலும் கட்டுப்போட்ட பத்து பொம்மை மாதிரி இருந்தன.

“எனக்கு மூக்கு அரிக்குதுங்க.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.”

பெயின்டர் சொறிந்துவிட்டார். அன்று அவர் செய்த முதல் உபரி வேலை அது. கணக்கு அங்கேதான் தொடங்கியது. அவருக்குத் தெரியவில்லை.

அடிக்கோட்டு. விளக்குக்குள் அறுபது விநாடி. நிறக்கோட்டு, காய்ந்த ரோஜா நிறம், மூச்சுவிட்டால் கலைகிற அளவு மெலிசு. மறுபடி அறுபது விநாடி. இன்னொரு நிறக்கோட்டு. ஒவ்வொரு தடவையும் நகத்தின் நுனி விளிம்பையும் சேர்த்து மூடினார்.

“ஏன் தெரியுமா? கதவு துருப்பிடிக்க ஆரம்பிக்கறது எப்பவும் விளிம்புலதான். தடியா ஒரு கோட்டு அடிக்கறவன் சோம்பேறி. மெலிசா மூணு கோட்டு அடிக்கறவன் தொழிலாளி.”

“நீங்க தொழிலாளிதாங்க” என்றாள் மனைவி.

மேல்கோட்டு முடிந்து, பிசுபிசுப்பைத் துடைத்து, டேப்பை உரித்தபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. நகக் கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தது இரண்டு மணி பத்து நிமிஷம். இங்கே நின்றது மூன்று மணி இருபத்தைந்து நிமிஷம். ஆனால் அந்த நகங்கள்! கோணலில்லை, குமிழியில்லை. ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு விழுவதுதான் பெயின்டர்களின் தலைவலி. பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் ஒரு புள்ளி அகப்படவில்லை. ஒவ்வொரு நகத்திலும் ஜன்னல் தனித்தனியாகத் தெரிந்தது. பெயின்டர் எண்ணிப் பார்த்தார். பத்து ஜன்னல்.

அந்த நேரம் பார்த்து மச்சான் மேலே வந்தார். மனைவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்.

“ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கா மாப்ளே?”

சொந்தமாக நாற்பது ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிற மனிதர் இதற்கு ஏன் இரண்டு மாடி ஏறி வந்தார் என்று பெயின்டர் கேட்டிருக்கலாம். பெருமை நெஞ்சை அடைத்ததால் கேட்கவில்லை.

“ஸ்க்ரூடிரைவர் கிடக்கட்டும். இதைப் பாருங்க மச்சான்.”

மச்சான் தங்கையின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வாங்கப்போகிற கத்தரிக்காயைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாக்க நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு இருக்குமா?”

“என்ன மச்சான் அப்படிக் கேட்டுட்டீங்க? முப்பத்தொரு வருஷம். ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு வண்டி. கோட்டு உரிஞ்சுதுன்னு ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, என்கிட்டத் திரும்பி வந்திருக்கா?”

“என் ஸ்கூட்டர் வந்துச்சே.”

“அது ஸ்கூட்டர். கணக்குல வராது.”

“நல்ல கணக்கு மாப்ளே. கார் ரோட்டுல ஓடும், அவ்வளவுதான். இது பொம்பளை கை. சும்மா இருக்குமா? நாலு நாள் தாங்கினாலே பெருசு.”

“நாலு நாளா? பதினாலு நாள்! நான் கேரண்டி. ஒரு நகம், ஒரு ஓரம் தூக்கினாலும் ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினேழாவது வண்டி திரும்பி வந்துடுச்சுன்னு நானே உங்ககிட்ட வந்து சொல்றேன்.”

“பட்டறைக்கும் வந்து சொல்வேன், பரவாயில்லையா?”

“சொல்லுங்க!”

மனைவி பத்து நகத்தையும் ஊதிக்கொண்டிருந்தாள். ஜெல்லை ஊத வேண்டிய அவசியமே இல்லை. விளக்கிலேயே காய்ந்துவிடும்.

மச்சான் ஸ்க்ரூடிரைவர் வாங்காமலே இறங்கிப் போனார்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தாள். குழாயில் கை வைக்கப் போனவள் நின்றாள்.

“ஏங்க, நீங்க கொடுத்த அட்டையைக் கொஞ்சம் பாத்துட்டுத் தேய்க்கட்டுமா?”

“பாரேன்.”

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

“‘பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் கூடாது. சோப்புத் தண்ணீரில் நகம் ஊறி விரிவடைந்து பின் சுருங்குவதால் ஜெல்லின் விளிம்பு தூக்கும்.’ விளிம்புன்னு போட்டிருக்குங்க.”

விளிம்பு என்ற சொல்லைக் கேட்டதும் பெயின்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரியாத்தான் சொல்றான். விளிம்புலதான் ஆரம்பிக்கும்.”

“பரவாயில்லை, நாலு தட்டுதானே? நான் சீக்கிரம் தேய்ச்சுடறேன். தூக்கினா அண்ணன்கிட்ட...”

“வை கீழே!”

நாலு தட்டு, இரண்டு டம்ளர், அடிப்பிடித்த பால் சட்டி ஒன்று. பெயின்டர் தேய்த்தார். பால் சட்டிக்கு மட்டும் உப்புத்தாள் உபயோகப்பட்டது.

முதல் நாள் அப்படிப் போயிற்று. காலண்டரில் ஒரு கோடு போட்டார்.

இரண்டாம் நாள் துணி. மூன்றாம் நாள் அட்டையின் அடுத்த வரி வந்தது. ‘நகத்தைக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது.’ அதைப் படித்த பிறகுதான் வீட்டில் எத்தனை காரியம் நகத்தால் நடக்கிறது என்று பெயின்டருக்குத் தெரிந்தது. பூண்டு உரிப்பது நகம். டின் மூடி திறப்பது நகம். பால் பாக்கெட்டின் மூலையைக் கிள்ளுவது நகம். பாட்டிலில் ஒட்டின லேபிளைச் சுரண்டுவது நகம். சட்டைப் பித்தானைத் துளைக்குள் தள்ளுவதுகூட நகம். ஒரு நாளைக்கு முப்பத்தேழு தடவை. அவர் எண்ணினார். முப்பத்தேழு தடவையும் “ஏங்க” என்று ஒரு குரல் வந்தது. கோபமே இல்லாத, ரொம்ப மரியாதையான குரல்.

நாலாம் நாள் மாடிப்படியில் மச்சான் எதிரில் வந்தார்.

“வண்டி எப்படி ஓடுது மாப்ளே?”

“நல்லா ஓடுது.”

“கையில என்ன, பூண்டு வாசனை?”

“பட்டறையில புதுத் தின்னர்” என்றார் பெயின்டர்.

ஆறாம் நாள் அவருக்கு ஒரு வழி தோன்றியது. முப்பத்தொரு வருஷப் பட்டறை அனுபவம் சும்மா போகுமா? எந்தக் கேரண்டிக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. கல் தெறித்தால் பட்டறை பொறுப்பில்லை. வண்டிக்காரர் சுவரில் இடித்தால் பட்டறை பொறுப்பில்லை.

“இந்தா பாரு” என்றார், தொட்டியில் கரண்டிகளை ஊறவைத்துக்கொண்டே. “வண்டிக்காரன் தப்பா உபயோகிச்சா அது கேரண்டியில வராது. நீ பாத்திரம் தேய்ச்சு நகம் தூக்கினா, அது உன்னோட தப்பு. என் கணக்குல சேராது.”

“ஓ! அப்படியா?” மனைவி உடனே எழுந்து வந்தாள். வளையலை மேலே ஏற்றிக்கொண்டாள். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. நகருங்க, நான் தேய்க்கறேன்.”

பெயின்டர் நகர்ந்தார். சந்தோஷமாக நகர்ந்தார்.

“தூக்கிடுச்சுன்னா அண்ணன்கிட்ட என் தப்புன்னே சொல்லிடறேன்.”

“சொல்லு.”

“அண்ணன் நம்புமா?”

பெயின்டர் யோசித்தார்.

“போட்டோ எடுக்கறவர்கிட்டயும் அதையே சொல்லிடறேன். யாருங்க இந்தப் பாலிஷ் போட்டதுன்னு கேட்டா, என் வீட்டுக்காரர்தான், நல்லாத்தான் போட்டாரு, நான்தான் தூக்க விட்டேன்னு சொல்றேன்.”

பெயின்டர் இன்னும் கொஞ்சம் யோசித்தார். எட்டு வருஷம் பின்கட்டில் டப்பா கட்டினவள். முன்னால் வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அந்தக் கை வெளிச்சத்தில் நீள்கிறது. மோதிரத்துக்கு மேலே ஒரு ஓரம் தூக்கி நிற்கிறது. அது அவர் அடித்த ஓரம்.

“நகரு” என்றார்.

“நீங்கதானே...”

“திரும்பி வந்த வண்டி திரும்பி வந்த வண்டிதான். நகரு.”

அவள் நகர்ந்தாள். வளையல் கீழே இறங்கியது.

ஒன்பதாம் நாள் ஒரு கண்டம் வந்தது. வாசலில் சாவி கீழே விழுந்தது. மனைவி குனிந்து தரையில் நகத்தால் நிமிண்டி எடுக்கப் போனாள். பெயின்டர் ஷூவோடு பாய்ந்து சாவியின் மேல் காலை வைத்தார்.

“விடு! தரையில கீறிடும்!”

அப்போதுதான் வீடு திரும்பிய எதிர்வீட்டு டீச்சர் இதைப் பார்த்தாள். சாவியை மிதித்துக்கொண்டு நிற்கும் கணவனையும், கீழே குனிந்திருக்கும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வீட்டை விட்டு வெளியே நிறுத்தறீங்களா?” என்றாள் கடுமையாக.

“இல்லீங்க டீச்சர்” என்றாள் மனைவி. “அவர் என்னைக் குனிய விடமாட்டார்.”

டீச்சர் உள்ளே போய்த் தன் கணவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. அன்றிலிருந்து அந்த வீட்டிலும் சாயங்காலம் குழாய்ச் சத்தத்தோடு ஓர் ஆண் குரலின் முனகல் கேட்க ஆரம்பித்தது.

பத்தாம் நாள் சாப்பிட்ட பிறகு மனைவி எண்ணெய்க் குப்பியோடு உட்கார்ந்தாள். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை நகக்கண்ணில் எண்ணெய் தடவ வேண்டும் என்பதும் அட்டையில் இருந்தது. அதையும் பெயின்டர்தான் தடவினார். அளவு தவறக் கூடாதே! விரலுக்கு ஒரு சொட்டு.

“உங்க கையைக் காட்டுங்க” என்றாள் திடீரென்று.

காட்டினார். முப்பத்தொரு வருஷத் தின்னருக்கும் பெட்ரோலுக்கும் அசராத கை. பத்து நாள் பாத்திர சோப்பில் விரலிடுக்கு எல்லாம் வெடித்திருந்தது. அவள் ஒரு சொட்டு எண்ணெயை அவர் கட்டைவிரலில் விட்டுத் தேய்த்தாள். இன்னொரு சொட்டு விட்டாள்.

“வீணாக்காதே. உன் நகத்துக்குப் பத்தாது” என்றார் பெயின்டர். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பதினாலாம் நாள் போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போனை நீட்டினாள். கறுப்புத் துணியின் மேல் அவளுடைய இரண்டு கையும். மோதிர விரலில் ஒற்றைக் கல் மோதிரம். பெயின்டர் மோதிரத்தைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கி நகத்துக்குப் போனார். விளிம்பு விளிம்பாகப் போனார். பத்து நகம். ஒரு ஓரம் தூக்கவில்லை. ஒரு கீறல் இல்லை.

“அடுத்த மாசம் வளையலுக்கும் என் கைதானாம்” என்றாள் மனைவி. “முதலாளியே வந்து சொன்னார்.”

பெயின்டர் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்து, “லைட் சரியில்ல. கிளியர் கோட்டு இன்னும் நல்லா தெரிஞ்சிருக்கும்” என்றார். காலண்டரில் பதினாலாவது கோட்டைப் போட்டார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. திரும்பி வந்தது பூஜ்யம்.

மறுநாள் சனிக்கிழமை. மச்சானைக் கையோடு மேலே அழைத்துவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஜெல்லை எடுக்கும் வேலையை மச்சான் கண்ணால் பார்க்க வேண்டும். கேரண்டி என்றால் மேலே மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற தகட்டுக்கும்தான்.

மேல் பளபளப்பை அரத்தால் லேசாக மழுக்கினார். ஜெல்லைக் கரைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து நகத்தில் வைத்து, விரலுக்கு விரல் அலுமினியத் தாள் சுற்றினார். பதினைந்து நிமிஷம். மச்சான் கொட்டாவி விட்டார்.

“பிய்ச்சு எடுத்தா ஒரு நிமிஷம் மாப்ளே.”

“பிய்ச்சா நகமும் சேர்ந்து வரும். தானா விட்டு வர வரைக்கும் காத்திருக்கணும். அதான் தொழில்.”

தாளைப் பிரித்தார். ஜெல் வெந்த தோல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. மரக்குச்சியால் தள்ளியதும் நழுவி விழுந்தது. வராத இரண்டு விரலுக்கு மறுபடி பஞ்சு வைத்தார், சுரண்டவில்லை. கடைசியில் பத்து நகமும் வெளியே வந்தன. இளஞ்சிவப்பாக, முழுசாக, ஒரு வெள்ளைத் திட்டுகூட இல்லாமல்.

மச்சான் தங்கையின் கையைத் தூக்கிப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

“ஒத்துக்கறேன் மாப்ளே.”

இதுவரைக்கும் போதும் என்று பெயின்டர் நிறுத்தியிருக்கலாம். வெற்றி பெற்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“கேளுங்க மச்சான். அரைகுறை ஆளா இருந்தா இன்னைக்கே அடுத்த கோட்டை அடிச்சுடுவான். நான் அடிக்க மாட்டேன். ஒரு வாரம் சும்மா விடணும். உரிச்ச தகடு பச்சைப் புள்ளை மாதிரி. மேல காப்பு ஒண்ணும் கிடையாது. கோட்டு இருக்கறப்பவாவது தண்ணி பட்டா தாங்கும். வெறும் தகட்டுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. எண்ணெய்தான் படணும். காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை.”

“ஒரு சொட்டுகூடவா?” என்றாள் மனைவி.

“ஒரு சொட்டுகூட!”

பெயின்டர் தன் வாயிலிருந்து போன வார்த்தையை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ இன்னும் ஏழு நாள்” என்றார் மச்சான் எழுந்துகொண்டே. “சதுரங்கம் அடுத்த சனிக்கிழமை வெச்சுக்கலாம் மாப்ளே. உங்களுக்கு வேலை இருக்கும்.”

பெயின்டர் சமையலறைக்குப் போனார். தொட்டியில் காலைப் பாத்திரம் பதினொன்று கிடந்தன. இது என்ன நியாயம்? இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஜெல் போடுகிற பெண்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் யார் தேய்க்கிறார்கள்? பெஞ்சில் தோளில் சாய்ந்து தூங்கினாரே, அவரா?

பராமரிப்பு அட்டையைத் தன் கண்ணால் படித்துவிடுவது என்று தீர்மானித்தார். தேடினார். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார்.

‘கையுறை இல்லாமல் பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் கூடாது.’

மறுபடி படித்தார். கையுறை இல்லாமல். இரண்டு வார்த்தை. முதல் இரண்டு வார்த்தை. பதினாலு நாள்!

தொட்டிக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தார். பழைய துணி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. அவற்றுக்குக் கீழே, பிரிக்காத உறையில், மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை. பெயின்டர் அதைக் கோப்பை மாதிரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

“இந்தா! அகப்பட்டுச்சு! கையுறை போட்டா எல்லா வேலையும் செய்யலாம்னு அட்டையிலேயே போட்டிருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகாது. எடு, போடு!”

மனைவி பதறவில்லை. உறையைப் பிரித்து ஒரு கையுறையை எடுத்துத் தன் கையில் மாட்டினாள். விரல் நுனியில் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் தொங்கிற்று. கையைத் தாழ்த்தியதும் கழன்று அவர் காலடியில் விழுந்தது.

“எனக்கு எங்கேங்க சேருது? நீங்க போட்டுப் பாருங்க.”

பெயின்டர் போட்டுப் பார்த்தார். தைத்து வைத்தது போல் இருந்தது. கட்டைவிரல்கூடச் சரியாக உட்கார்ந்தது.

“இது... என் அளவு.”

“ஆமா. உங்க கை வெடிச்சுப் போகுமேன்னுதான் வாங்கினேன்.”

“எப்போ வாங்கினே?”

“டப்பா வாங்கின அன்னைக்கே, அதே கடையில.”

பெயின்டர் கணக்குப் போட்டார். டப்பா வாங்கியது வெள்ளிக்கிழமை. அவர் கேரண்டி கொடுத்தது சனிக்கிழமை.

“அப்போ பதினாலு நாளும் ஏன் எடுத்துக் கொடுக்கல?”

மனைவி இன்னொரு கையுறையையும் எடுத்து, அவர் கையில் பொறுமையாக மாட்டி, மணிக்கட்டில் இழுத்துவிட்டாள்.

“முதல் நாளே கொடுத்திருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்லங்க?”